பயோ படித்த பிள்ளைக்கு டொக்டரை விட்டால் வேறு என்ன?

மே 2

மட்டக்களப்புக் களுதாவளையில் இருந்து ஒரு தாய் இந்த இணைய இழையில் கேட்டிருக்கிறார்: "மகள் பயோ. இரண்டாம் முறையும் மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி காணாது போல. ரியூசன் சேர் மூன்றாம் முறையும் எடுக்கச் சொல்கிறார். அவளுக்குச் சலித்துவிட்டது. டொக்டர் இல்லாட்டி விவசாயம், அதுவும் இல்லாட்டி ரீச்சர். இதைத் தவிர கம்பஸில் படிக்க என்ன கிடக்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ."

மே 2, இரவு

நீங்கள் "இல்லாட்டி" என்று எழுதிய இடத்தில் நிற்கிறவன் நான் அக்கா. வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், விவசாயம் படித்தவன். ஆகவே கொஞ்சம் ரோசம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் அனுமதிக் கைந்நூல் போடுகிறது. தமிழிலும் வருகிறது. மகள் அதை முதல் பக்கத்தில் இருந்து வாசித்தாளா? ரியூசன் சேர் வாசித்தாரா என்றும் கேட்டுப்பாருங்கள். என் காலத்தில் நான் வாசிக்கவில்லை. எனக்காகப் பெரியப்பா வாசித்தார், அதிலும் வெட்டுப்புள்ளி அட்டவணையை மட்டும்.

மே 3, விடியற்காலை

நித்திரை வரவில்லை. மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

நான் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுத்தது 1997, மறுகா 1998. அப்போது நான்கு பாடம்: தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல். பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணக்கிடுகிற இசட் புள்ளி எல்லாம் கிடையாது. நானூறுக்கு எத்தனை என்று கூட்டுவார்கள், முடிந்தது. படுவான்கரையில் எங்கள் ஊருக்குக் கரண்ட் இல்லை. குப்பி விளக்கில் படித்துப் படித்து மூக்குக்குள் கரி. அவ்வளவு கரியும் டொக்டர் ஆகப்போகிற பிள்ளையின் கரி என்பதால் அம்மா அதைத் துடைக்கும்போதும் ஒரு பெருமை.

இரண்டாம் முறையும் காணவில்லை. பெரியப்பா கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கிளாக்கர். படிவம் என்று ஒன்று வீட்டுக்குள் வந்தால் அதை நிரப்புவது அவர்தான். பேனையைத் திறந்து ஆறு மருத்துவ பீடத்தையும் வரிசையாக எழுதினார்: கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், களனி, ஜயவர்தனபுர, றுகுணு. (மட்டக்களப்பில் மருத்துவ பீடம் வந்தது பிறகு.) அதற்குக் கீழே பேராதனைப் பல் வைத்தியம். அதற்குக் கீழே மிருக வைத்தியம். இன்னும் இடம் மிஞ்சியிருந்ததால் கிழக்குப் பல்கலைக்கழக விவசாயம். "இது சும்மா கிடக்கட்டும்" என்றார்.

சும்மா கிடந்ததுதான் 20 வருடமாக எனக்குச் சோறு போடுகிறது.

கடிதம் வந்த அன்று அம்மப்பா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "என்ன மனே, வெள்ளாமை செய்யவா கம்பஸுக்குப் போறாய்? மம்பட்டிய நான் தாறன், இஞ்சயே நில்லு." மூன்று தலைமுறையாக வயல் செய்கிற குடும்பத்தில் ஒருவன் நான்கு வருடம் விவசாயம் படிக்கப் போவது என்றால், மீன்காரன் மகன் நீந்தப் பழக ரியூசன் போன மாதிரி.

மே 3, பின்னேரம்

ஒருவர் கேட்டிருக்கிறார்: "சரி, அதுக்குள்ள என்னதான் படிப்பிச்சாங்க?"

முதல் விரிவுரையில் எனக்கு விளங்கிய ஒரே சொல் "சொயில்". மிச்சம் முழுக்க இங்கிலிஷ். தமிழில் ஏ.எல். செய்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு உண்மையான பாடம் மண்ணோ பூச்சியோ இல்லை, முதல் ஆறு மாதத்துக்கு இங்கிலிஷ்தான் பாடம். அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பயோ, மேட்ஸ் பக்கம் போகிற எல்லோருக்கும் இது பொருந்தும். மகள் இப்போது சும்மா இருக்கிற மாதங்களில் செய்யக்கூடிய ஒரே பிரயோசனமான வேலை இங்கிலிஷ்.

விளங்கத் தொடங்கிய பிறகு பார்த்தால், "விவசாயம்" என்ற ஒரு சொல்லுக்குள் பத்துப் பாடம் படுத்திருந்தது. மண்ணியல். தாவர நோயியல். பூச்சியியல். கால்நடை வளர்ப்பு. விவசாயப் பொருளாதாரம். நீர்ப்பாசனமும் இயந்திரமும் சேர்ந்த விவசாய எந்திரவியல். உணவு பதனிடல். புள்ளிவிபரவியல், அது வேறு ஒரு பேய். விரிவாக்கம் என்று ஒன்று, அதாவது படித்ததை என் அம்மப்பாவைப் போன்ற ஒருவருக்கு அடி வாங்காமல் சொல்லிக்கொடுப்பது எப்படி என்ற பாடம்.

மண்ணியலில் ஒருநாள் நெஞ்சளவு குழி வெட்டி உள்ளே இறங்கச் சொன்னார்கள். குழியின் சுவரை மேலிருந்து கீழே வாசிக்க வேண்டும். எந்த அடுக்கில் நிறம் மாறுகிறது, எங்கே தண்ணீர் தேங்கிச் சாம்பல் பூத்திருக்கிறது, வேர் எங்கே போய் நின்றுவிட்டது. பிறந்ததில் இருந்து மிதித்த மண். அதை ஒருநாளும் நான் பக்கவாட்டில் பார்த்ததில்லை.

அப்புறம் அறக்கொட்டி, நெல்லில் வருகிற கபிலத் தத்தி. எங்கள் பக்கத்தில் அது வந்தால் வயல் வட்ட வட்டமாகக் கருகும், நெருப்பு வைத்த மாதிரி. அம்மப்பா செய்வது ஒன்றுதான்: மருந்து. காணாவிட்டால் இன்னும் மருந்து. பூச்சியியலில்தான் தெரிந்தது, அந்தத் தத்தி பயிரின் அடித்தண்டில் தண்ணீருக்குக் கிட்ட ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கிறது. நாங்கள் மேலே அடிக்கிற மருந்து அதற்குச் சரியாகப் போய்ச் சேராது, அதைத் தின்கிற சிலந்திக்குத்தான் முதலில் போய்ச் சேரும். சிலந்தி செத்தால் தத்திக்குக் கலியாணம். யூரியாவை அள்ளிக் கொட்டினாலும், பயிரை நெருக்கி வைத்தாலும் அதற்கு விருந்து. விடுமுறையில் வந்து அம்மப்பாவுக்குச் சொன்னேன். "உன்ட கொப்பன் பிறக்க முந்தி நான் வெள்ளாமைக்காரன்" என்றார். மூன்று வருடம் கழித்து, என்னிடம் சொல்லாமல், ஒரு போகம் மருந்தைக் குறைத்துப் பார்த்திருக்கிறார். நல்லது நடந்ததா என்று இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் அடுத்த போகமும் குறைத்தார்.

மே 4

இந்தக் கதை எல்லாம் மகளுக்கு உதவாது என்று வீட்டில் திட்டு விழுந்தது. சரி, நேரடியாக விசயத்துக்கு வருகிறேன். கைந்நூலை இறக்கிப் பார்த்துக்கொண்டு எழுதுகிறேன்.

பயோ மூன்று பாடத்தோடு போகக்கூடிய இடங்கள், என் கண்ணில் பட்ட வரிசையில். மிருக வைத்தியம், பேராதனை. பேராதனையிலேயே மருந்தாளர் கற்கை, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம், கதிர்ப்படவியல். வைத்தியசாலையில் டொக்டரைத் தவிர மற்ற வெள்ளை உடுப்புக்காரர் எல்லாம் "நேர்ஸ்" என்று நினைக்கிற எங்கள் சனத்துக்கு இது ஒவ்வொன்றும் தனித்தனிப் பட்டம் என்று தெரியாது. தாதியியலும் பட்டப்படிப்புத்தான், எங்கள் கிழக்குப் பல்கலைக்கழகச் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்திலேயே இருக்கிறது, மருத்துவமும் அதே பீடம்தான். வயம்பவில் உணவு விஞ்ஞானமும் போசணையும். மாத்தறைப் பக்கம் றுகுணுவில் கடற்றொழிலுக்கும் கடல் விஞ்ஞானத்துக்கும் தனிப் பீடமே உண்டு. பதுளையில் ஊவா வெல்லச, அங்கே தேயிலைக்கு ஒரு பட்டம், தென்னை, பனை, இறப்பருக்கு ஒரு பட்டம். சித்த மருத்துவம் யாழ்ப்பாணத்தில். ஆயுர்வேதமும் யுனானியும் கொழும்பில். சாதாரண விஞ்ஞான பீடங்கள், தாவரவியல் விலங்கியல் என்று, அவை எல்லா இடத்திலும்.

பயோ படித்த பிள்ளை சட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம். எந்தப் பிரிவு என்ற கேள்வி அங்கே இல்லை. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம்.

என் மனைவி பின்னால் நின்று வாசித்துவிட்டுக் கேட்டாள்: "தென்னைக்கு டிகிரியா? அப்ப கள்ளுச் சீவுறவர் பேராசிரியரா?" தெங்குத் தும்பு, எண்ணெய், கரி, இறப்பர் பால் எல்லாம் ஏற்றுமதிச் சாமான் என்று விளங்கப்படுத்தினேன். அவள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது என்றும் நினைத்தேன். அந்தக் கதை பிறகு.

மே 5

பிழை. நிலாவெளிப் பக்கத்தில் இருந்து ஒரு தம்பி பிடித்துவிட்டார். சித்த மருத்துவம் யாழ்ப்பாணத்தில் மட்டும் இல்லை, திருகோணமலை வளாகத்திலும் இருக்கிறது. கோணேசபுரியில். அந்த வளாகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தினுடையது, அதாவது நான் படித்த பல்கலைக்கழகம். சொந்த வீட்டில் எத்தனை அறை என்று தெரியாதவன் ஊருக்கு வழி சொல்லப் புறப்பட்டிருக்கிறேன்.

மே 5, இரவு

இன்னொரு பிழையும். ஒலுவில் பற்றிக் கேட்ட நிந்தவூர்த் தம்பிக்குத் தனியாக எழுதியதில், தென்கிழக்குப் பல்கலைக்கழகம் முழுக்க ஒலுவிலில் என்று சொல்லிவிட்டேன். "அண்ணன், பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில எல்லோ, எங்கட வீட்டால சைக்கிளில போகலாம்" என்று பதில் வந்தது. உண்மைதான். கலை, முகாமைத்துவம், இஸ்லாமியக் கற்கையும் அறபு மொழியும், பொறியியல் எல்லாம் ஒலுவில். விஞ்ஞானம் மட்டும் சம்மாந்துறை.

தென்கிழக்கு 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல் பல்கலைக்கழகம் ஆனது. எங்களுடையதும் அப்படித்தான், 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரி, 1986 இல் பல்கலைக்கழகம். என் அம்மாவின் ஏ.எல். காலத்தில் இந்தக் கரையில் ஒரு பீடமும் இல்லை. படிக்கிறது என்றால் பேராதனைக்கோ கொழும்புக்கோ கோச்சி ஏற வேண்டும். பெண்பிள்ளை என்றால் ஏறவே மாட்டாள். அம்மா ஏறவில்லை.

மே 7

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் மூத்தவன் மூன்று வயதாகியும் பத்துச் சொல்லுக்கு மேல் பேசவில்லை. "தகப்பன் வழி, பிந்தித்தான் பேசுவான்" என்றார்கள். மாமாங்கக் கோயிலில் நேர்த்தி வைத்தோம். காது கேட்கிறதா என்று கையைத் தட்டிப் பார்த்த சொந்தக்காரர் ஐம்பது பேர் இருப்பார்கள். கடைசியில் ஒரு டொக்டர் "பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்" என்றார். அப்படி ஒரு தொழில் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் பட்டதாரி, மனைவி ஆசிரியை.

கொழும்புக்கு இரவு பஸ் எடுத்துப் போனோம். அங்கே இருந்த பிள்ளை நல்ல பிள்ளை, பொறுமைசாலி, ஆனால் சிங்களமும் இங்கிலிஷும்தான். படத்தைக் காட்டி "மே மொகக்த?" என்றாள். என் மகன் என்னைப் பார்த்தான். நான் "இது என்ன மகன்?" என்று திருப்பிக் கேட்டேன். அவன் "வாப்பயம்" என்றான். அவள் என்னைப் பார்த்தாள். வாழைப்பழத்தை அவன் சரியாகச் சொன்னானா பிழையாகச் சொன்னானா என்று தீர்மானிக்க வேண்டியவள் அவள், அவளுக்கு ழகரம் என்றால் என்ன என்றே தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் மூன்று வயதில் அது வராமல் இருப்பது இயல்பா குறையா என்று தெரியாது. மேசைக்கு இந்தப் பக்கம் பாதி அறிவு, அந்தப் பக்கம் பாதி அறிவு. நடுவில் பிள்ளை.

அந்தப் படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தில், றாகமையில் இருக்கிற மருத்துவ பீடத்தில் இருக்கிறது. பேச்சு மற்றும் கேட்டல் விஞ்ஞானம் என்று கைந்நூலில் போட்டிருக்கிறார்கள். நான்கு வருடப் பட்டம். எங்கள் வீட்டில் ஏ.எல். பயோ செய்தவர்கள் ஐந்து பேர் உண்டு, ஒருவரும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மகன் இப்போது பேசுகிறான். நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவதில்லை.

மே 7, பின்னேரம்

இல்லை, அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. நாலு பேர் அப்படி விளங்கிக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். அவள் தமிழ் எழுத்தட்டை ஒன்றைத் தானே வரைந்து வைத்திருந்தாள். அது அவள் செய்கிற வேலைக்குள் வராது. தமிழ்ப் பிள்ளைகள் அந்தப் படிப்புக்கு அதிகமாகப் போகவில்லை என்பதுதான் என் குறை.

மே 9

கலைப் பிரிவைப் பற்றி ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று கேட்டவர்களுக்கு: கேள்வி பயோ பற்றியது. ஆனாலும் என் தங்கச்சியின் கதை இருக்கிறது.

அவள் வந்தாறுமூலையில் கலை. முதல் வருடம் மூன்று பாடம் எடுக்க வேண்டும். தமிழ், இந்து நாகரிகம், புவியியல் எடுத்தாள். சிறப்புக் கற்கைக்குப் புவியியலைப் பிடித்தாள். "புவியியலா? உலகப்படத்தில இலங்கை எங்க கிடக்கு என்று தெரியும்தானே, பிறகென்ன நாலு வருசம்?" என்று கேட்டது நான்தான். அம்மப்பாவின் இரத்தம்.

அவள் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் 2004 டிசம்பர் 26, சுனாமி. நாவலடி, திருச்செந்தூர், கல்லடி. கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒரு விரல் அகலத்தில் கிடந்த நிலம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்கூட இல்லை. சில கிழமை கழித்து அவளும் இன்னும் நான்கைந்து பிள்ளைகளும் ஒரு நிறுவனத்துக்காகக் கையில் சின்னக் கருவியும் கொப்பியுமாக அங்கே நடந்தார்கள். தண்ணீர் எதுவரை வந்தது, மரத்தில் எந்த உயரத்தில் கோடு, எந்த ஒழுங்கை இனி இல்லை. ஆட்களிடம் கேட்டுக் கேட்டுக் குறித்தாள். ஒரு கிழவி தன் வீட்டுப் படலை இருந்த இடத்தைக் காட்டுவதற்கு அரை மணித்தியாலம் எடுத்தாவாம், அடையாளத்துக்கு ஒன்றும் மிஞ்சாததால். அதைப் புள்ளியாக வரைபடத்தில் போட்டுக் காட்டியபோது கிழவி அந்தப் புள்ளியைத் தடவிப் பார்த்திருக்கிறா.

அன்றைக்கு நான் வாயை மூடினேன். தங்கச்சி இப்போது கொழும்பில் வரைபடம் செய்கிற வேலையில்தான் இருக்கிறாள். கணினியில்.

மே 10

"அவ ஒருத்தி. மற்ற நாலு பேர்?" என்று ஏறாவூரில் இருந்து ஒருவர். தன் தம்பி கலைப் பட்டதாரி என்றும், 2017 இல் மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் சத்தியாக்கிரகம் இருந்தபோது அவனும் பாயில் படுத்திருந்தான் என்றும், "நீங்கள் பாடங்களின் அழகைப் பற்றிக் கட்டுரை எழுதுங்கள், அவன் நுளம்புக்கு இரத்தம் கொடுத்தான்" என்றும் எழுதியிருக்கிறார்.

இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. தங்கச்சியோடு படித்த மற்றப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். இரண்டு பேர் பிரதேச செயலகங்களில் அபிவிருத்தி உத்தியோகத்தர். ஒருத்தி ரீச்சர், கற்பிப்பது சமயம். ஒருவன் கட்டாரில். வரைபடம் வரைகிறவள் தங்கச்சி மட்டும்தான். புவியியல் படித்தவரும் மெய்யியல் படித்தவரும் நாடகம் படித்தவரும் ஒரே மேசையில் ஒரே பைலைப் பார்க்கிற அலுவலகம் எனக்கும் தெரியும். பக்கத்து மேசை என்னுடையது.

மே 4 இல் மனைவி கேட்டதில் பாதி நியாயம் என்றது இதைத்தான். கைந்நூலில் எத்தனை பாடம் இருந்தாலும் மட்டக்களப்பில் வேலைக்கு எழுதுகிற பலகையில் இருப்பது நாலைந்து பதவிதான். அதற்காகப் பாடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தம்பியிடம் சொல்லுங்கள், நான் கட்டுரை எழுதவில்லை, நித்திரை வராமல் புலம்புகிறேன்.

மே 10, இரவு

கம்பஸ் மட்டும்தான் வழி என்றில்லை என்பதையும் சேர்த்துவிடுகிறேன். ஆரையம்பதிப் பக்கம் கோவில்குளத்தில் உயர் தொழினுட்பவியல் நிறுவனம் இருக்கிறது, கணக்கியல், தகவல் தொழினுட்பம், ஆங்கிலம் என்று உயர் டிப்ளோமா. ரீச்சர்தான் வேண்டும் என்றால் மட்டக்களப்பிலும் அட்டாளைச்சேனையிலும் கல்வியியற் கல்லூரி. நான் அதிகம் அறியாத பகுதி, விட்டுவிடுகிறேன்.

மே 13

கூத்துப் பற்றி ஒருவர் நக்கலடித்திருக்கிறார். "கல்லடியில ஆடவும் பாடவும் டிகிரி குடுக்கிறாங்க, அதையும் உங்கட பட்டியலில போடுங்க."

போடுகிறேன். சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். இசை, நடனம், நாடகமும் அரங்கியலும், கட்புலக் கலை. இசட் புள்ளி மட்டும் காணாது, செய்முறைப் பரீட்சையும் வைப்பார்கள். பாடத் தெரியாமல் பாடப் போக முடியாது.

எங்கள் ஊரில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவர் இருந்தார், இப்போது இல்லை. வடமோடிக் கூத்து. மத்தளத்தை மடியில் வைத்தால் அவர் வேறு ஆள். ஒரு கூத்துக்கு ஆறு மாதம் பழக்குவார், கொப்பி முழுக்க மனதில். பேரப்பிள்ளை கூத்தைப் படிக்க வந்தாறுமூலை நுண்கலைத் துறைக்குப் போனபோது அவருக்கு விளங்கவில்லை. "களரியில வந்து நிண்டா நான் பழக்க மாட்டனா? அங்க ஆர் அண்ணாவி?" பேராசிரியர் மௌனகுரு கூத்தைப் பல்கலைக்கழகத்துக்குள் பாடமாகவும் மேடையேற்றமாகவும் கொண்டுவந்த காலத்துக்குப் பிறகுதான் இந்தக் கேள்வியே கேட்கக்கூடியதாக இருந்தது, அதற்கு முன் கூத்து ஆடினான் என்றால் படிப்பு ஏறாதவன் என்று அர்த்தம். பேரன் மூன்றாம் வருடத்தில் ஒரு ரெக்கோடரோடு வந்து தாத்தாவை இருத்தித் தாளக்கட்டு முழுவதையும் பதிந்தான். அவர் அதற்கு முதலில் வெற்றிலை கேட்டார், இரண்டாவதாகத் தன் பெயரை எழுதுவார்களா என்று கேட்டார். எழுதினான்.

பேரன் இப்போது என்ன வேலை என்று ஏறாவூர்க்காரர் கேட்பார் என்று தெரியும். பாடசாலையில் நாடகப் பாட ஆசிரியர். படித்த பாடத்தைப் படிப்பிக்கிறான்.

மே 13, சற்றுப் பிந்தி

அந்த நிறுவகத்தின் பெயரில் இருக்கிற சுவாமி விபுலானந்தரையே எடுங்கள். காரைதீவில் 1892 இல் பிறந்தவர். லண்டன் பி.எஸ்சி., விஞ்ஞான ஆசிரியர். அதே ஆள் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். பிறகு துறவி. 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியர். கடைசியில் பழைய யாழ் எப்படி இருந்தது, எந்த நரம்பு எந்தச் சுரம் என்று கணக்குப் போட்டு ஒரு பெரிய நூல். கணக்கும் பௌதிகமும் தெரியாமல் அந்தக் கணக்கைப் போட்டிருக்க முடியாது. இன்றைக்கு அவர் ஏ.எல். எடுத்திருந்தால் "தம்பி, நீ முதலில் எந்தப் பிரிவு என்று முடிவெடு" என்று எங்கள் ரியூசன் சேர் சொல்லியிருப்பார்.

கல்லடி உப்போடையில் அவர் சமாதியைத் தாண்டித்தான் நான் பஸ்ஸில் போய் வந்தேன். ஒருநாளும் இறங்கவில்லை. போன கிழமை இறங்கினேன். இந்த இழைதான் காரணம்.

மே 15

களுதாவளை அக்கா திரும்பி வந்திருக்கிறார். மகள் கைந்நூலை வாசித்துவிட்டாளாம், இரண்டு இரவு. பத்துப் பாடத்தைப் பென்சிலால் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாள். இப்போது வரிசையில் வீட்டில் சண்டை. தகப்பன் மருத்துவத்தை மேலே எழுதச் சொல்கிறாராம், "கிடைக்காததை எழுதி இடத்தை ஏன் வீணாக்குவான்" என்று அக்கா.

எழுதட்டும். பெரியப்பா ஆறு வரியை வீணாக்கினார் என்கிற மாதிரி நான் மே 3 இல் எழுதியது நியாயமில்லை. எட்டாததை மேலே எழுதினால் நட்டம் ஒன்றும் இல்லை. முதலாவதற்குப் புள்ளி காணாவிட்டால் இரண்டாவதைப் பார்ப்பார்கள், அப்படியே கீழே வரும். ஆபத்து நடுவில்தான் இருக்கிறது. எட்டக்கூடிய இரண்டு பாடத்தில் எதை மேலே எழுதுகிறீர்களோ அதுதான் கிடைக்கும், கீழே எழுதியது போச்சு. எங்களோடு படித்த ஒருத்தன், ஆராரோ சொன்னார்கள் என்று தனக்குப் பிடிக்காத ஒன்றை ஒரு வரி மேலே எழுதிவிட்டு நான்கு வருடம் அதைப் படித்தான். ஒரே ஒரு வரி.

மாவட்டத்தையும் பாருங்கள். கலையைத் தவிர்த்த பெரும்பாலான பாடங்களுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமையில், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டில், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறுக்குள் வருகின்றன. ஆகவே கொழும்புக்காரரின் வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உங்கள் மாவட்டத்துக்கு நேரே இருக்கிற எண்ணைப் பாருங்கள். கல்முனைச் சொந்தக்காரரின் எண்ணையும் பார்க்காதீர்கள், அது அம்பாறை.

மூன்றாம் முறை எடுப்பது பற்றி: அனுமதிக்குக் கணக்கெடுக்கிற கடைசித் தடவை அதுதான். பிள்ளைக்கு ஆசை இருந்தால் எடுக்கட்டும். சேருக்கு ஆசை என்றால் சேர் எடுக்கட்டும்.

மே 15, இரவு

கடைசி வசனத்துக்கு மன்னிப்பு. ரியூசன் சேர்மாரில் எனக்கும் ஒருவர் இருந்தார், காசு வாங்காமல் ஒரு வருடம் இரசாயனவியல் படிப்பித்தவர். அவரும் மூன்றாம் முறை எடுக்கத்தான் சொன்னார். அது அவருக்கு என் மேல் இருந்த நம்பிக்கை, வேறொன்றும் இல்லை.

மே 18

மகளே எழுதியிருக்கிறாள், தாயின் கணக்கில் இருந்து. "மாமா, நான் முதலில் பேச்சு மற்றும் கேட்டல் போடப் போறன். இரண்டாவது மிருக வைத்தியம். மூன்றாவது விவசாயம், வந்தாறுமூலை. அப்பாவுக்காக மருத்துவம் எல்லாத்துக்கும் மேல. உங்கட மகன்ட கதைக்காக இல்லை, எனக்கு முதலே ரெக்கோடிங் பண்ணிக் குரல் கேக்கிறது பிடிக்கும்."

என் கதைக்காக இல்லை என்று சொன்னது நல்லது. மூன்றாவதாக வந்ததில் ஒரு சின்ன மனக்கவலை, அது என் பிரச்சினை.

ஒன்று மட்டும் மகள். றாகமைப் படிப்பில் இடங்கள் குறைவு, அதனால் இரண்டாவதையும் மூன்றாவதையும் முதலாவது மாதிரியே யோசித்து எழுதுங்கள். மிருக வைத்தியம் என்றால் பசுவின் பின்பக்கம் தோள் வரைக்கும் கை போகும். மிருக வைத்தியர் ஒருவரைப் பிடித்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

மே 19

அக்கா கேட்டது: "விண்ணப்பம் அனுப்பியாச்சு தம்பி. கிடைச்சா றாகமையில சாப்பாடு எப்படி? பிள்ளை மீன் இல்லாமச் சாப்பிடாது."

விடுதிச் சாப்பாடு எங்கேயும் ஒரே சாப்பாடுதான் அக்கா. பருப்பு தண்ணியாக இருக்கும். மாசிச் சம்பல் ஒரு போத்தல், கருவாட்டுப் பொரியல் ஒரு போத்தல் கட்டிக் கொடுத்துவிடுங்கள். போத்தல் மூடி இறுக்கமானதாகப் பாருங்கள். நான் வந்தாறுமூலைக்கு முதல்நாள் கொண்டுபோன சம்பல் எண்ணெய் கசிந்து, மண்ணியல் கொப்பி நான்கு வருடமும் மாசி மணத்தது.